நெஸல்: கூட்டைச் சுமந்து திரியும் ஓர் ஆங்கில வினைச்சொல்லுக்கு முழுமையான வழிகாட்டி

என், ஈ, எஸ், டி, எல், ஈ. ஆறே எழுத்துள்ள சின்ன வினைச்சொல். சுற்றுலா விளம்பரம், சிறுகதை, சமையல் குறிப்பு, பறவைகள் பற்றிய கட்டுரை என்று ஆங்கிலத்தில் எதை எடுத்துப் படித்தாலும் எங்காவது ஓரிடத்தில் எதிர்ப்படும். அகராதியைத் திறந்தால் 'வசதியாக அமர்', 'அணைந்து கிட', 'அமைந்திரு' என்று மூன்று நான்கு பொருள் இருக்கும். அவற்றை மனப்பாடம் செய்தவர்களும் எழுதும்போது தடுமாறுவதை என் மாலை வகுப்புகளில் பார்த்திருக்கிறேன். ஊரை விட்டுக் கிளம்பி வந்து சென்னையில் குடியேறிய ஒரு மாணவர், அதைச் சொல்ல 'ஐ நெஸல்டு இன் சென்னை' என்று எழுதிக் கொடுத்தார். 'அமர்தல்' என்று அகராதி சொன்னதை நம்பி எழுதியிருந்தார். அவர் சொல்ல வந்ததற்கு 'செட்டில்டு' போதும். நெஸல் என்ற சொல் கேட்பது வேறு.

அது கேட்பது ஒரு கூடு. இந்தச் சொல்லைப் பயன்படுத்தும் முன் 'இங்கே கூடு எங்கே இருக்கிறது?' என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டால் முக்கால்வாசிப் பிழைகள் வராது. அந்தக் கேள்வியைப் பழக்கிக்கொள்ளத்தான் கீழே உள்ள படிகள்.

படி 1: முதலில் வாயில் சரியாக வரட்டும்

எழுத்தில் டி இருக்கிறது, ஒலியில் இல்லை. 'நெஸ்டில்' என்று சொல்லாதீர்கள். 'வெஸல்' என்று பாத்திரத்தைச் சொல்கிறோமே, அதே போல 'நெஸல்'. அழுத்தம் முதல் அசையில்.

இது தனி ஒரு சொல்லின் விசித்திரம் கிடையாது. எஸ், டி, எல், ஈ என்று முடியும் சொற்களில் எல்லாம் டி மௌனம்தான்: காஸல், விஸல், ரெஸல், ஹஸல், ரஸல், திஸல். லிஸன், ஃபாஸன் ஆகியவற்றிலும் டி கேட்காது. ஒரு காலத்தில் ஆங்கிலேயர்கள் இந்த டி-யைச் சொல்லத்தான் செய்தார்கள். மூன்று மெய்கள் அடுத்தடுத்து நெருக்கியதால் நடுவில் இருந்தது பேச்சில் கரைந்துபோனது. எழுத்து அப்படியே நின்றுவிட்டது. நாமும் 'போய்விட்டது' என்று எழுதிவிட்டு 'போயிருச்சு' என்று பேசுகிறவர்கள்தானே. புரிந்துகொள்வது கஷ்டம் இல்லை.

ஆனால் 'நெஸ்ட்' என்ற பெயர்ச்சொல்லில் டி கேட்கும். கூடு நெஸ்ட், கூட்டில் ஒடுங்குவது நெஸல். இறந்த காலம் நெஸல்டு. தொடர்வினை நெஸ்லிங்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். காபித்தூள், சாக்லேட் டப்பாக்களில் இதே ஆறு எழுத்தைப் பார்த்திருப்பீர்கள். அங்கே கடைசி ஈ-யின் மேல் ஒரு கோடு இருக்கும், அதனால் 'நெஸ்லே'. அது ஆளின் பெயர். 1814-ல் பிராங்பேர்ட்டில் பிறந்த ஹைன்ரிஷ் நெஸ்லே, சுவிட்சர்லாந்தின் வெவே நகரில் குடியேறி, பெயரைப் பிரெஞ்சு முறைப்படி ஆன்ரி என்று மாற்றிக்கொண்டார். 1867-ல் குழந்தைகளுக்கான பால்மாவு ஒன்றைத் தயாரித்தார். அவருடைய ஊர்ப்பக்க ஜெர்மன் பேச்சில் அந்தக் குடும்பப் பெயருக்குச் 'சின்னக் கூடு' என்று பொருள். குடும்பச் சின்னத்திலும் கூடுதான் இருந்தது. அடுத்த ஆண்டே அந்தக் கூட்டில் மூன்று குஞ்சுகளையும் இரை ஊட்டும் தாயையும் சேர்த்து வணிகச் சின்னமாக்கினார். 1988-ல் குஞ்சுகள் இரண்டாகக் குறைந்தன. நிறுவனத்தின் பெயரிலிருந்து வினைச்சொல் வரவில்லை, வினைச்சொல்லிலிருந்து பெயரும் வரவில்லை. இரண்டும் கூடு என்ற ஒரே சொல்லின் வாரிசுகள், அவ்வளவுதான். எழுதும்போது அந்தக் கோடு இருக்கிறதா, முதலெழுத்து பெரிதா என்று பாருங்கள்.

படி 2: கூட்டைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். இலக்கணத்தைவிட இதுதான் முக்கியம்.

என் அப்பத்தா வீட்டில் கோழி வளர்த்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் தாய்க்கோழி முற்றத்து மூலையில் போய் உடம்பைத் தாழ்த்தி, இறக்கைகளைக் கொஞ்சம் அகட்டி உட்காரும். குஞ்சுகள் ஒவ்வொன்றாக ஓடி வரும். முதலில் தலை உள்ளே போகும், அப்புறம் உடம்பு. உள்ளே போன குஞ்சு சும்மா இருக்காது. இப்படித் திரும்பும், அப்படித் திரும்பும், ஒரு காலை எடுத்து மாற்றி வைக்கும், ஏற்கெனவே உள்ளே இருக்கும் குஞ்சை முட்டி இடம் பண்ணிக்கொள்ளும். தாய் தொண்டைக்குள்ளேயே ஒரு குரல் கொடுத்து இறக்கையை இன்னும் கொஞ்சம் இறக்கும். ஒரு நிமிடம் அந்த இறகுகள் மட்டும் அசைந்துகொண்டிருக்கும். பிறகு எல்லாம் அடங்கும். சில சமயம் இறக்கை இடுக்கில் ஒரு மஞ்சள் தலை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போகும். அப்பத்தா வந்து பஞ்சாரத்தைக் கவிழ்ப்பார்.

நெஸல் என்றால் அந்த ஒரு நிமிடம்தான்.

அதில் என்னவெல்லாம் இருந்தன என்று பாருங்கள். ஒடுங்குவது சிறியது, இடம் கொடுப்பது பெரியது. அந்தப் பெரியது ஒரு பக்கமாவது வளைந்து அணைக்கிறது. உள்ளே போனதும் அங்கே இங்கே நெளிந்து இடத்தைத் தனக்கு வாகாக ஆக்கிக்கொள்ளும் ஒரு அசைவு உண்டு. கடைசியில் கதகதப்பும் பயமின்மையும். ஆங்கிலத்தில் இந்தச் சொல் வரும் எந்த வாக்கியத்திலும் இவற்றில் இரண்டு மூன்றாவது கட்டாயம் இருக்கும். ஒன்றும் இல்லையென்றால் அங்கே சொல் தவறாகப் போடப்பட்டிருக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் இது நேரடியாகவே 'கூடு கட்டு' என்ற பொருளில்தான் இருந்தது. மனிதர்கள் அணைந்து ஒடுங்குவதற்கு இது வந்தது பிற்பாடு, 16-ஆம் நூற்றாண்டில். கூட்டைக் குறிக்கும் நெஸ்ட் என்ற சொல்லையே இன்னும் பின்னால் கொண்டுபோனால் 'கீழே' என்று பொருள்படும் 'நி', 'உட்கார்' என்று பொருள்படும் 'ஸத்' என்ற இரண்டு பழைய வேர்கள் சேர்ந்தது என்று மொழியியலாளர்கள் காட்டுகிறார்கள். வடமொழியில் கூட்டுக்கு நீடம் என்று பெயர். அதுவும் இதே பிறப்பு. ஆசிரியருக்கு அருகே கீழே அமர்ந்து கேட்பது என்று விளக்கம் சொல்லப்படும் உபநிஷத் என்ற சொல்லில் இருப்பதும் அதே 'நி', அதே 'ஸத்'. எனக்கு இது தெரிந்த நாளிலிருந்து நெஸல் என்ற சொல் அந்நியமாகத் தோன்றவில்லை. செட்டில் என்ற சொல்லும் அந்த 'உட்கார்' வேரின் வழியில் வந்ததுதான். நம் மாணவர் இரண்டையும் மாற்றிப் போட்டதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

படி 3: வாக்கியத்தில் மூன்று அச்சுகள்

முதல் அச்சில் ஓர் உயிர் தானாகப் போய் ஒடுங்கிக்கொள்கிறது. 'த கிட்டன் நெஸல்டு இன்டு த பிளாங்கெட்.' பூனைக்குட்டி போர்வைக்குள் புகுந்து சுருண்டுகொண்டது. செயப்படுபொருள் கிடையாது. ஆனால் எங்கே ஒடுங்கியது என்று சொல்லியாக வேண்டும். 'த கிட்டன் நெஸல்டு' என்று நிறுத்தினால், 'குட்டி போய் ஒட்டிக்கொண்டது' என்று சொல்லிவிட்டு எதில் என்று சொல்லாமல் போவது மாதிரி காற்றில் தொங்கும்.

இரண்டாவதில் ஒருவர் ஒன்றைக் கொண்டுபோய் வாகாக வைக்கிறார். பெரும்பாலும் அது தன் உடம்பின் ஒரு பகுதி அல்லது ஒரு குழந்தை. 'ஷி நெஸல்டு ஹெர் ஹெட் அகெய்ன்ஸ்ட் ஹிஸ் ஷோல்டர்.' அவன் தோளில் தலையைப் புதைத்துக்கொண்டாள். 'ஹி நெஸல்டு த பேபி இன் ஹிஸ் ஆர்ம்ஸ்.' குழந்தையைக் கைக்குள் பொதிந்து வைத்துக்கொண்டார். கைப்பையை மேசையில் வைப்பதற்கு இதைப் போட முடியாது. பையும் மேசையும் ஒன்றையொன்று அணைப்பதில்லை.

மூன்றாவது அச்சில் அசைவே இல்லை, நிலை மட்டும்தான். 'த வில்லேஜ் நெஸல்ஸ் இன் எ வேலி.' இதையே 'த வில்லேஜ் இஸ் நெஸல்டு இன் எ வேலி' என்றும் சொல்லலாம். எது சரி என்று அடிக்கடி கேட்கிறார்கள். இரண்டும் சரி. 'இஸ் நெஸல்டு' என்றால் யாரோ கிராமத்தைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்கள் என்று ஆகாதா என்று ஒரு மாணவி கேட்டார். நல்ல கேள்வி. 'கதவு திறந்திருக்கிறது' என்று தமிழில் சொல்லும்போது திறந்தவர் யார் என்று நாம் தேடுவதில்லை. அதே மாதிரிதான் இதுவும்.

படி 4: பின்னால் வரும் சின்னச் சொற்கள்

இந்த வினை தனியாக நடக்காது என்றேன். அதன் கையைப் பிடித்து வரும் சின்னச் சொல் எது என்பதில் படம் மாறும்.

'அகெய்ன்ஸ்ட்' வந்தால் உடம்பு உடம்போடு படுகிறது: தோள், மார்பு, விலாப்பக்கம். 'எதிராக' என்று நாம் முதலில் படித்த பொருளை இங்கே மறந்துவிடுங்கள். ஒன்றின் மேல் சாய்ந்து ஒட்டியிருப்பதையும் அந்தச் சொல் குறிக்கும். 'இன்டு' என்றால் உள்ளே புதையும் அசைவு: தலையணை, போர்வை, நாற்காலி. 'இன்' என்றால் புதைந்தாயிற்று, இப்போது அங்கே இருக்கிறது. 'டௌன்' வந்தால் இரவுக்குத் தயாராகிப் படுத்துக்கொள்வது. இதற்கு மட்டும் பின்னால் இடம் சொல்லாவிட்டாலும் வாக்கியம் நிற்கும். 'அப் டு' என்றால் ஓர் ஆளின் பக்கமாக நகர்ந்து போய் ஒட்டிக்கொள்வது. குழந்தை அம்மாவிடம் போவதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமானது கிடையாது.

இடங்களுக்கும் பொருள்களுக்கும் 'பிட்வீன்', 'அமங்', 'பினீத்' ஆகிய மூன்றும் அதிகம் வரும். இரண்டு பெரிய கட்டடங்களுக்கு நடுவே ஒரு டீக்கடை என்றால் பிட்வீன். மரங்களுக்கிடையே ஒரு வீடு என்றால் அமங். பெரிய பாறைக்குக் கீழே ஒரு கோவில் என்றால் பினீத்.

'ஆன்' கொஞ்சம் ஆபத்து. மார்பின் மேல் தலை வைப்பதற்கு 'ஆன்' வரும். மெத்தென்ற இடம், சாய்ந்தால் கொஞ்சம் அமுங்கி இடம் கொடுக்கும். மலை உச்சியில் இருப்பதற்கு வராது. அடுத்த படி அதைப் பற்றித்தான்.

படி 5: ஊர்கள், மலைகள், விளம்பரங்கள்

நெஸல் என்ற சொல் தேய்ந்துபோனது சுற்றுலா எழுத்தில்தான். எந்த ஊர், எந்த விடுதி என்றாலும் 'நெஸல்டு இன்' என்று ஆரம்பிப்பது ஒரு வாய்ப்பாடாகிவிட்டது. எழுதுகிறவர்கள் கொஞ்சம் நிலவமைப்பைப் பார்த்துவிட்டு எழுதினால் இந்தச் சொல்லுக்கு இன்னும் உயிர் இருக்கும்.

ஊட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவும் மற்றக் குன்றுகளும் சுற்றி நிற்க, நடுவில் குழிந்த இடத்தில் ஊர் இருக்கிறது. கூடு இருக்கிறது, நெஸல் பொருந்தும். இலங்கையில் பிதுருதலாகல மலையின் கீழே கிடக்கும் நுவரெலியாவுக்கும் பொருந்தும். ஆஸ்திரியாவில் ஹால்ஷ்டாட் என்று ஒரு சின்ன ஊர்: முன்னால் ஏரி, பின்னால் செங்குத்தான மலை, நடுவில் இருக்கும் ஒடுங்கிய கரையில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். இந்தச் சொல்லுக்கென்றே செய்து வைத்த மாதிரி ஓர் இடம்.

இப்போது திருச்சி உச்சிப்பிள்ளையார். 83 மீட்டர் பாறையின் தலைமேல், நாலு பக்கமும் காற்று. சிகிரியாவில் 5-ஆம் நூற்றாண்டில் காசியப்பன் கட்டிய அரண்மனையும் அப்படித்தான், சுமார் 180 மீட்டர் உயரப் பாறைமேல். டார்ஜிலிங் ஒரு மலை முகட்டின் மீது நீண்டு கிடக்கும் ஊர். இவற்றுக்கு நெஸல் போட்டால் தப்பு. இங்கே வேண்டியது 'பெர்ச்'. கொப்பின் நுனியில் பறவை உட்காருவது பெர்ச், கூட்டுக்குள் ஒடுங்குவது நெஸல். இரண்டுமே பறவையிடமிருந்து வந்தவை என்பதால் நினைவில் வைப்பது சுலபம்.

சமவெளியில் இருக்கும் ஊருக்கு இரண்டும் வேண்டாம். தஞ்சாவூர் எதிலும் ஒடுங்கியிருக்கவில்லை. 'லைஸ்' அல்லது 'ஸ்டேன்ட்ஸ்' என்று நேராகச் சொல்லலாம். அலுவலகக் கடிதத்தில் 'அவர் ஆஃபீஸ் இஸ் நெஸல்டு இன் அண்ணா சாலை' என்று ஒருவர் எழுதியதைத் திருத்தியிருக்கிறேன். போக்குவரத்து இரைச்சலுக்கு நடுவே கூடு எது? 'இஸ் லொகேட்டட் ஆன்' போதும்.

அளவையும் பாருங்கள். ஓடைக்கரையில் ஒரு குடிசை நெஸல் ஆகும். ஆயிரம் ஏக்கர் அனல்மின் நிலையம் ஆகாது, அதைச் சுற்றி எத்தனை மலை நின்றாலும்.

படி 6: அடுப்படியில்

ஆங்கிலச் சமையல் குறிப்புகளில் இது கட்டளையாக வரும். 'நெஸல் த சிக்கன் பீசஸ் இன்டு த ரைஸ்.' கோழித்துண்டுகளை அரிசிக்குள் பதித்து வை. கிளறாதே, மேலே சும்மா போட்டும் விடாதே, பாதி உள்ளே பாதி வெளியே தெரியும்படி அமுக்கி வை என்று இந்த ஒரே சொல்லில் அத்தனையும் அடக்கம். கிளறினால் துண்டு உடையும், மேலே விட்டால் காயும். குறிப்பைத் தமிழாக்கும்போது 'சேர்க்கவும்' என்று எழுதிவிட்டால் படிக்கிறவர் கிளறிவிடுவார். 'பதித்து வைக்கவும்' என்று எழுதுங்கள்.

படி 7: அக்கம்பக்கத்துச் சொற்கள்

'ஸ்னக்கிள்' நெருங்கிய சொந்தம். கொஞ்சம் செல்லம் கூடியது. போர்வை, மழை இரவு, குழந்தை என்று வீட்டுக்குள் புழங்கும். ஊருக்கும் பொருளுக்கும் வராது. 'கடில்' என்றால் கைகளால் கட்டிக்கொள்வது. 'நஸல்' என்று ஒன்று உண்டு, ஒலியில் நம் சொல்லோடு குழம்பும்: அது மூக்கிலிருந்து வந்தது, கன்றுக்குட்டி மூக்கால் உரசி முட்டுமே, அது. 'ஹடல்' என்றால் குளிருக்கோ பயத்துக்கோ பலர் நெருக்கிக்கொண்டு நிற்பது. அங்கே கூடு இல்லை, ஆளுக்கு ஆள்தான் மறைப்பு. 'லாட்ஜ்' என்றால் போய்ச் சிக்கிக்கொள்வது. தொண்டையில் மீன்முள் லாட்ஜ் ஆகும்; அது அங்கே சுகமாக இல்லை, நாமும் இல்லை.

'நெஸ்ட்லிங்' தனியாகச் சொல்ல வேண்டியது. எழுத்தில் தொடர்வினையும் இதுவும் ஒன்றே. ஆனால் இது பெயர்ச்சொல்: கூட்டை விட்டு இன்னும் வெளிவராத குஞ்சு. டக்லிங், ஸீட்லிங் என்பவற்றில் உள்ள அதே 'லிங்'தான் இதிலும். நெஸ்ட் என்ற பெயர் வெளிப்படையாகத் தெரிவதால் பலர் இதில் டி-யைச் சொல்வார்கள். இதற்கு அடுத்த பருவம் 'ஃபிளெட்ஜ்லிங்', இறகு முளைத்துப் பறக்கப் பழகும் குஞ்சு. இந்த வேறுபாடு மொழிக்கு வெளியிலும் உதவும். மரத்தடியில் குஞ்சைக் கண்டால், இறகில்லாத நெஸ்ட்லிங் என்றால் மெதுவாக எடுத்துக் கூட்டில் வைக்கலாம். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையில்லை. இறகு வந்து தத்தித் தத்தித் திரிகிற ஃபிளெட்ஜ்லிங் என்றால் விட்டுவிடுங்கள். தாய் பக்கத்து மரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும், இரையும் கொண்டுவந்து கொடுக்கும்.

படி 8: தமிழில் கொண்டுவருவது

மொழிபெயர்க்கிறவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. நெஸலுக்கு ஒரே தமிழ்ச் சொல் தேடினால் கிடைக்காது. எங்கே வருகிறது என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

பலரும் முதலில் எடுப்பது 'அமைந்துள்ளது'. ஊர்களுக்குப் பிழையில்லை, ஆனால் கூடு காணாமல் போய்விடும். 'மலைகளுக்கு இடையே அமைந்துள்ள கிராமம்' என்பது வருவாய்த்துறைக் குறிப்பு மாதிரி இருக்கிறது. நமக்கு இதைவிட நல்ல சொல் இருக்கிறது: மடி. ஆங்கிலம் கூட்டை நினைக்கும் இடத்தில் தமிழ் தாயின் மடியை நினைக்கிறது. 'மலையின் மடியில் ஒரு கிராமம்' என்றால் சிறியது, பெரியது, அணைப்பு, பாதுகாப்பு எல்லாம் வந்துவிட்டன. இதையும் விளம்பரக்காரர்கள் தேய்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஒரு கட்டுரையில் ஒரு தடவை போதும்.

'ஒண்டிக்கொள்' என்பது அசைவில் மிக நெருங்கி வரும். ஆனால் அதில் ஓர் ஏக்கம் இருக்கிறது. மழைக்கு ஒண்டுவோம், சொந்தக்காரர் வீட்டில் ஒண்டியிருப்போம், ஒண்டுக்குடித்தனம் இருப்போம். இடம் நம்முடையது இல்லை, போதவும் போதாது. நெஸலில் அந்தக் குறை கிடையாது. அம்மாவின் மடியில் குழந்தை ஒண்டியது என்று எழுதினால் அந்தக் குழந்தைக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் தமிழ் வாசகர் நினைப்பார். 'பதுங்கு' இன்னும் மோசம், அதில் பயமோ சூழ்ச்சியோ இருக்கும். 'ஒடுங்கு' பரவாயில்லை, ஆனால் தனியாக நின்றால் வாடிப்போனதாகவும் தொனிக்கும், கூடவே ஓர் இறக்கையோ மடியோ வேண்டும்.

உடம்போடு சேர்ந்த இடங்களில் நான் எடுப்பது 'புதைத்துக்கொள்', 'பொதிந்துகொள்', 'சாய்ந்து ஒட்டிக்கொள்'. தலைக்கும் முகத்துக்கும் புதை. கைக்குள் இருக்கும் குழந்தைக்குப் பொதி. பக்கத்தில் வந்து உட்காருகிற பிள்ளைக்கு ஒட்டிக்கொள். இவற்றோடு 'கதகதப்பாக', 'வாகாக', 'இதமாக' என்பவற்றில் ஒன்று சேர்ந்தால் அந்த நெளிந்து இடம் பிடிக்கும் அசைவும் கிடைத்துவிடும். 'வசதியாக' என்று எழுத வேண்டாம். வசதி என்றதும் பணமும் இருக்கையும்தான் நினைவுக்கு வரும்.

பறவைகளுக்கு நம்மிடம் 'அடை' இருக்கிறது. மாலையில் பறவைகள் கூடடைகின்றன, கோழி அடைகாக்கிறது, குஞ்சுகள் தாயின் சிறகில் அடைகின்றன. அடைக்கலம் என்ற சொல்லிலும், வீட்டு இறவாணத்தில் கூடு வைக்கும் அடைக்கலான் குருவியின் பெயரிலும் காதில் விழுவது அந்த அடைதான். இறவாணத்துச் சந்தில் வைக்கோல் துணுக்குகளோடு அது உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு நெஸல் என்ற சொல்லை விளக்கவே வேண்டாம்.

ஒரு வாக்கியத்தை எடுத்துச் செய்து பார்ப்போம். 'த ஓல்ட் வுமன்ஸ் காட்டேஜ் நெஸல்டு அமங் த ட்ரீஸ், அண்ட் ஹெர் கேட் நெஸல்டு இன் ஹெர் லாப்.' ஒரே வினை இரண்டு தடவை வருகிறது. 'மரங்களுக்கிடையே அமைந்திருந்தது, மடியில் அமர்ந்திருந்தது' என்றால் இரண்டும் செத்துப்போகும். நான் எழுதுவது: 'மரங்கள் சூழ்ந்து மறைத்த சின்ன வீடு. உள்ளே பாட்டியின் மடியில் பூனை சுருண்டு கிடந்தது.' வினையை ஓரிடத்தில் மரங்களுக்குக் கொடுத்தேன், இன்னோரிடத்தில் பூனையின் உடம்புக்குக் கொடுத்தேன். சொல்லுக்குச் சொல் இல்லைதான். ஆனால் இரண்டு கூடும் இருக்கின்றன.

படி 9: எழுதிப் பாருங்கள்

கீழே உள்ள ஐந்தையும் ஆங்கிலத்தில் எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் நெஸல் வராது. விடையைப் பார்க்கும் முன் 'கூடு எங்கே?' என்று கேட்டுவிடுங்கள்.

விளக்குக் கம்பத்தின் உச்சியில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. பேருந்தில் தூக்கக் கலக்கத்தில் இருந்த சிறுவன் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். திடீர் மழைக்கு நாலைந்து பேர் கடை வாசலில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். கல்யாணத்துக்கு அப்புறம் அக்கா கோவையிலேயே தங்கிவிட்டாள். நகைப்பெட்டிக்குள் பஞ்சுக்கு நடுவே ஒரு சின்ன மூக்குத்தி இருந்தது.

காக்கைக்குப் பெர்ச். அது வெட்டவெளி. சிறுவனுக்கு நெஸல், இரண்டாவது அச்சு: 'ஹி நெஸல்டு ஹிஸ் ஃபேஸ் அகெய்ன்ஸ்ட் ஹிஸ் மதர்ஸ் ஷோல்டர்.' இன்டு போட்டாலும் சரி, முகம் இன்னும் கொஞ்சம் ஆழமாகப் புதையும். மழைக்கு நின்றவர்களுக்கு ஹடல். அக்காவுக்குச் செட்டில்.

மூக்குத்திக்குத்தான் பலர் தயங்குவார்கள். உயிரில்லாத பொருளாயிற்றே என்று. ஆனால் நகைக்கடையில் ரோஸ் தாளைப் பிரித்து, டப்பா மூடியைத் திறந்து காட்டும்போது பாருங்கள். பஞ்சு நாலு பக்கமும் எழும்பி நிற்கும், நடுவில் அதன் கனத்துக்கு ஏற்ற ஒரு குழி, அந்தக் குழிக்குள் கல் மட்டும் மினுங்கும். 'எ டைனி நோஸ் ஸ்டட் நெஸல்டு இன் த காட்டன்.'